உணர்ச்சிகளின் வழியே செயற்கை நுண்ணறிவு: சிறுவர்க்கான முதல் பாடம்

சிறு குழந்தைகளுக்குச் செயற்கை நுண்ணறிவைக் கற்பிக்கும் பாடங்கள் பெரும்பாலும் ஏதாவது ஒன்றை இனம் பிரிக்கும் விளையாட்டில் தொடங்குகின்றன. பூனையா நாயா, மீனா குப்பையா, பழமா காயா என்று இயந்திரத்துக்குக் காட்டிக் காட்டிப் பழக்குவதுதான் அந்த விளையாட்டு. இந்த வரிசையில் உணர்ச்சிகளை இனம் காண்பதற்குத் தனி இடம் உண்டு. நான்கு வயதுக் குழந்தைக்கு நிரல் எழுத வராது, எழுத்துக்கூட்டிப் படிக்கவும் வராது. ஆனால் ஆயா முகத்தைச் சுளித்தால் அது கோபமா, கண் கூசும் வெயிலா, பல்வலியா என்று ஓரளவு சரியாகவே சொல்லிவிடும். இயந்திரம் இன்றும் இடறுகிற ஒரு துறையில் குழந்தை ஏற்கெனவே தேர்ந்திருக்கிறது. அதனால் இயந்திரம் சொல்லும் விடையைத் தன் அறிவைக் கொண்டே குழந்தையால் சோதிக்க முடியும். மற்றப் பாடங்களில் ஆசிரியர் சொல்வதைக் குழந்தை நம்பியாக வேண்டும். இந்தப் பாடத்தில் குழந்தையே தேர்வாளர்.

பள்ளிப் பிள்ளைகள் செயற்கை நுண்ணறிவைப் பற்றி என்னென்ன அறிய வேண்டும் என்று வகுக்கும் முயற்சி அமெரிக்காவில் 2018-இல் தொடங்கியது. அங்குள்ள செயற்கை நுண்ணறிவு அறிஞர்களின் சங்கமும் கணினி அறிவியல் ஆசிரியர்களின் சங்கமும் சேர்ந்து ‘ஏஐ4கே12’ என்ற பெயரில் அதை மேற்கொண்டன. இயந்திரம் உலகைப் புலன்களால் அறிவது, அறிந்ததை உள்ளே உருவகித்து அதன்மேல் தருக்கம் நடத்துவது, தரவிலிருந்து கற்பது, மனிதரோடு இயல்பாகப் பழகுவது, சமூகத்தில் விளைவுகளை உண்டாக்குவது என்று ஐந்து பெருங்கருத்துகளை அந்த முயற்சி முன்வைத்தது. முகத்தையோ குரலையோ சொல்லையோ வைத்து உணர்ச்சியை ஊகிக்கும் இயந்திரம் இந்த ஐந்தையும் ஒரே எடுத்துக்காட்டில் தொட்டுவிடுகிறது. பூனை–நாய் விளையாட்டில் ஐந்தாவது கருத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். உணர்ச்சி என்று வந்துவிட்டால் அது தானே வந்து நிற்கும்.

குழந்தை உணர்ச்சிகளைக் கற்கும் விதம் படிப்படியானது. தொடக்கத்தில் அதன் உலகில் இரண்டே பெட்டிகள்: நல்ல முகம், கெட்ட முகம். ஷெரி வைடன், ஜேம்ஸ் ரஸல் என்ற இரு உளவியலாளர்கள் பல ஆண்டுகள் நடத்திய ஆய்வுகளில், சிரித்த முகத்துக்கு ‘சந்தோஷம்’ என்று பெயர் சொல்வதுதான் முதலில் வருகிறது. பிறகு கோபமும் வருத்தமும் பிரிகின்றன. அச்சமும் வியப்பும் பின்னால் வருகின்றன. அருவருப்பு மிகவும் தாமதம்: பள்ளிக்குப் போகத் தொடங்கி வெகுநாள் ஆன பிள்ளைகள்கூட அருவருத்த முகத்தைக் கோப முகம் என்கிறார்கள். ஆகவே ஐந்து வயதுப் பிள்ளைகளின் வகுப்பில் ஏழு உணர்ச்சிகளைப் பரப்பி வைப்பது வீண். மூன்று போதும்.

இன்னொரு படி அதைவிட முக்கியமானது. உள்ளே ஒன்று இருக்க, வெளியே வேறொன்று தெரியலாம் என்பதைக் குழந்தைகள் சுமார் நான்கு முதல் ஆறு வயதுக்குள் புரிந்துகொள்கிறார்கள். புரியும் முன்பே செய்யவும் தொடங்கிவிடுகிறார்கள். 1986-இல் வெளியான ஓர் ஆய்வில் பமேலா கோல், பிள்ளைகளுக்குப் பிடிக்காத பொருளைப் பரிசாகக் கொடுத்துப் பார்த்தார். மூன்று, நான்கு வயதுச் சிறுமிகள்கூடப் பரிசு கொடுத்தவர் எதிரில் இருந்தபோது சிரித்தார்கள். அவர் இல்லாதபோது ஏமாற்றம் முகத்தில் தெரிந்தது. கொலுவுக்குப் போன வீட்டில் பிடிக்காத சுண்டலை வாங்கிக்கொண்டு புன்னகைக்கும் பிள்ளைக்கு இது செய்தியே அல்ல. படக்கருவி அந்தப் புன்னகையை மட்டுமே காணும்.

அந்தக் கருவி காண்பது என்ன என்பதைக் காஞ்சிபுரத்தில் விளக்குவது எளிது. பட்டுச் சேலையின் கரைக்கோ முந்திக்கோ ஓர் அன்னம் வேண்டுமென்றால், டிசைன் போடுபவர் அதை முதலில் கட்டத் தாளில் வரைகிறார். பறவையின் வளைந்த கழுத்து சிறுசிறு சதுரங்களாக மாறுகிறது. நிறைந்த சதுரம் வரும் இடத்தில் பாவு நூல் உயர வேண்டும். வெற்றுச் சதுரத்தில் கூடாது. அந்தத் தாள் பிறகு துளையிட்ட அட்டையாகித் தறிக்கு மேலே உள்ள ஜக்கார்டு பெட்டிக்குப் போகிறது. கணினியில் டிசைன் போடும் காலத்திலும் சதுரங்கள் மாறவில்லை. இயந்திரத்துக்கு ஒரு முகமும் இப்படித்தான் போய்ச் சேர்கிறது. ஒவ்வொரு சதுரத்திலும் வெளிச்சத்தின் அளவைக் குறிக்கும் ஓர் எண், 0 முதல் 255 வரை. வண்ணப் படமென்றால் சதுரத்துக்கு மூன்று எண்கள். முகபாவ ஆராய்ச்சியில் உலகெங்கும் பயன்பட்ட ‘எஃப்இஆர்-2013’ என்ற படத் தொகுப்பில் 35,887 முகங்கள் உள்ளன. ஒவ்வொன்றும் 48க்கு 48 சதுரம், அதாவது 2,304 எண்கள். சிரிப்பு, கண்ணீர், வெட்கம் எல்லாம் அந்த எண்களுக்குள் அடங்கியாக வேண்டும்.

நெசவுக்கும் கணினிக்கும் உள்ள தொடர்பு வெறும் உவமை மட்டுமன்று என்பதை இங்கே சற்று விலகிச் சொல்லலாம். பிரான்ஸில் ஜோசப் மேரி ஜக்கார்டு 1804 வாக்கில் உருவாக்கிய அட்டைத் தறியைப் பார்த்துத்தான் சார்லஸ் பாபேஜ் தம் பகுப்பாய்வுப் பொறிக்குத் துளை அட்டைகளைத் திட்டமிட்டார். அந்தப் பொறியைப் பற்றி 1843-இல் குறிப்பெழுதிய ஏடா லவ்லேஸ், தறி பூவும் இலையும் நெய்வதுபோல இது இயற்கணித வடிவங்களை நெய்யும் என்ற கருத்தை எழுதினார். காஞ்சிபுரத்தில் தறி ஓடும் வீட்டுப் பிள்ளை தலைக்கு மேலே பார்த்து வளர்ந்த அட்டைச் சங்கிலி, கணினியின் முன்னோர்களில் ஒன்று.

ஆனால் அட்டைத் தறி எதையும் கற்பதில்லை. எந்த நூல் எப்போது உயர வேண்டும் என்று மனிதர் முன்கூட்டியே தீர்மானித்துத் துளையிட்டுவிட்டார். கற்கும் இயந்திரத்தில் அந்தத் துளைகளை யாரும் இடுவதில்லை. ‘இவை சிரிப்பு’ என்று ஒரு குவியல், ‘இவை கோபம்’ என்று ஒரு குவியல் கொடுத்தால், இரண்டையும் பிரிக்க எந்த எண்களுக்கு எவ்வளவு எடை தர வேண்டும் என்று அது தானே திருத்தித் திருத்தி வந்து சேர்கிறது. குவியலுக்குப் பெயர் வைத்தவர் மனிதர். இந்த ஒரு செய்தியைக் குழந்தை பிடித்துக்கொண்டால் முதல் பாடம் முக்கால்வாசி முடிந்தது.

விதி எழுதுவதற்கும் எடுத்துக்காட்டால் பழக்குவதற்கும் உள்ள இந்த வேறுபாட்டை அழகாகக் காட்டும் பாடம் ஒன்று ஏற்கெனவே உண்டு. ஐபிஎம் நிறுவனத்தில் பணியாற்றும் இங்கிலாந்துக்காரரான டேல் லேன் 2017-இல் தொடங்கிய ‘மெஷின் லேர்னிங் ஃபார் கிட்ஸ்’ என்ற இலவசத் தளத்தில் உள்ள அந்தப் பயிற்சியின் பெயரே ‘என்னைச் சந்தோஷப்படுத்து’ என்ற பொருள்படும். பிள்ளைகள் ஸ்க்ராட்ச் மென்பொருளில் ஒரு முகம் வரைகிறார்கள். அன்பாகப் பேசினால் அது சிரிக்க வேண்டும், கடுமையாகப் பேசினால் அழ வேண்டும். முதலில் விதி எழுதிப் பார்க்கிறார்கள்: இந்த வாக்கியம் வந்தால் சிரி, அந்த வாக்கியம் வந்தால் அழு. ஒரு சொல்லை மாற்றித் தட்டினாலே முகம் அசையாமல் நின்றுவிடுகிறது. மனிதர் அன்பாகப் பேசும் வகைகளை எழுதி மாளாது என்பது சீக்கிரம் விளங்கிவிடும். பிறகு இரண்டு பெட்டிகளில் எடுத்துக்காட்டு வாக்கியங்களைப் போட்டு இயந்திரத்தைப் பழக்குகிறார்கள். அதுவரை கேட்டிராத வாக்கியத்துக்கும் முகம் சிரிக்கிறது.

இதையே தமிழில் செய்தால் பாடம் இன்னும் சூடு பிடிக்கும். ‘பிடிக்கும்’, ‘பிடிச்சிருக்கு’, ‘பிடிக்கல’, ‘பிடிக்கவே பிடிக்காது’ ஆகியவற்றில் ஆமும் இல்லையும் சொல்லின் வாலில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. சொற்களை முழுதாக மட்டும் பார்க்கும் எளிய இயந்திரத்துக்கு இவை ஒன்றுக்கொன்று உறவில்லாத நான்கு பொருள்கள். வாலைப் பிரித்துப் பார்க்கும் இயந்திரத்துக்கும் அடுத்த குழி காத்திருக்கிறது. “அடி கழுதை, இன்னும் சாப்பிடலையா?” என்று ஆயா கேட்டால் அதில் எவ்வளவு அன்பு இருக்கிறது என்று பேத்திக்குத் தெரியும். பெட்டியில் ‘கழுதை’ திட்டுப் பக்கம் கிடந்தால் இயந்திரத்தின் முகம் அழும். “ரொம்ப நல்லா இருக்கு உன் காரியம்!” என்பதற்கு அது பல்லைக் காட்டும்.

பெரியவர்களின் ஆராய்ச்சியிலும் இதே தொல்லைதான். திரைப்பட முன்னோட்டங்களுக்கு யூடியூபில் வந்த 15,744 தமிழ்–ஆங்கிலக் கலப்புப் பின்னூட்டங்களைத் திரட்டி, அவற்றின் மனநிலையை வகைப்படுத்தும் தொகுப்பு ஒன்றைப் பாரதிராஜா சக்கரவர்த்தி முதலிய ஆய்வாளர்கள் 2020-இல் வெளியிட்டார்கள். ஆதரவு, எதிர்ப்பு என்ற இரண்டு பெட்டிகள் அவர்களுக்குப் போதவில்லை. இரண்டும் கலந்தது, எதுவென்று சொல்ல முடியாதது, தமிழே அல்லாதது என்று மேலும் பெட்டிகள் வைக்க வேண்டியிருந்தது. ஒரே பின்னூட்டத்தைப் பலர் தனித்தனியே படித்துப் பெயரிட்டபோது அவர்களுக்குள்ளும் எல்லா இடத்திலும் ஒத்துப்போகவில்லை. வகுப்பில் நான்கு பிள்ளைகள் ஒரே வாக்கியத்துக்கு மூன்று பெட்டிகளைக் காட்டினால் ஆசிரியர் பதற வேண்டியதில்லை. ஆராய்ச்சியும் அப்படித்தான் நடக்கிறது.

படிக்கத் தெரியாத வயதினருக்கு முகப் படங்களே ஏற்றவை. கூகுள் நிறுவனத்தின் ‘டீச்சபிள் மெஷின்’ இதற்குப் பரவலாகப் பயன்படும் கருவி. 2017-இல் ஒரு வேடிக்கைச் செயல்முறையாக வந்து, 2019-இல் யாரும் தம் விருப்பப்படி வகைகளை அமைத்துப் பழக்கும்படி விரிவடைந்தது. பல இலட்சம் பொதுப் படங்களில் முன்பே பழகிய ஒரு வலையமைப்பின் மேல் அது இயங்குவதால், வகைக்குச் சில பத்துப் படங்களே போதுமாகின்றன. பழக்கம் உலாவிக்குள்ளேயே நடக்கிறது. விடை ஒற்றைச் சொல்லாக வராமல், ஒவ்வொரு வகைக்கும் இத்தனை விழுக்காடு என்று பட்டைகளாக வரும். அந்தப் பட்டைகளின் கூட்டு எப்போதும் நூறு. சிரிப்பு, அழுகை என்று இரண்டே வகைகளைக் கொடுத்துவிட்டு ஒரு எவர்சில்வர் டம்ளரைக் காட்டினாலும் அந்த நூறை இரண்டுக்கும் பங்கிட்டுத்தான் தீரும். ‘தெரியாது’ என்ற விடை அதற்கு இயல்பில் கிடையாது, யாராவது அதற்கென ஒரு பெட்டி வைத்தாலொழிய. குழந்தைகள் இதைக் கண்டு சிரிக்கிறார்கள். பெரியவர்கள் அதே விழுக்காட்டை அறிக்கையில் பார்த்தால் நம்பிவிடுகிறார்கள்.

எந்த முகங்களைக் காட்டுவது என்பது அடுத்த கேள்வி. பல நாடுகளின் வகுப்புகளில் பிள்ளைகள் தம் முகத்தையே படக்கருவிக்குக் காட்டுகிறார்கள். அது தேவையில்லை என்பதற்குச் சட்டம் சார்ந்த காரணமும் உண்டு, கீழே வரும். காஞ்சிபுரத்தில் அதைவிட நல்ல முகங்கள் கிடைக்கின்றன. பொம்மைக்காரத் தெருவில் களிமண்ணாலும் காகிதக் கூழாலும் நவராத்திரிக் கொலுவுக்குப் பொம்மை செய்யும் குடும்பங்கள் தலைமுறைகளாக இருக்கின்றன. அச்சிலிருந்து வந்த வெற்று உருவம் தூரிகை பட்ட பிறகுதான் சிரிக்கவோ முறைக்கவோ தொடங்குகிறது. புருவத்தின் ஒரு கோடு ஏறினாலும் இறங்கினாலும் பாவம் மாறிவிடும். எது எதை மாற்றுகிறது என்று பிள்ளைகள் கண்ணால் பார்க்க முடிகிற இடம் அது.

பொம்மைகளைப் படமெடுத்து இயந்திரத்தைப் பழக்கினால் ஒரு சுவையான தவறு ஏறக்குறைய நிச்சயம். கொலுப் பொம்மைகளில் பெரும்பாலானவை சாந்தமாகவோ புன்னகையோடோ இருப்பவை. தசாவதாரமும் திருமண ஊர்வலமும் செட்டியாரும் யாரையும் முறைப்பதில்லை. கோபத்துக்குத் தேடினால் காளி, நரசிம்மர், சில அசுரர்கள் என்று கொஞ்சம்தான் தேறும். அவர்களிலும் பலர் கருமையோ சிவப்போ பூசியவர்கள், நீட்டிய நாக்கும் கோரைப்பல்லும் உடையவர்கள். இந்தக் குவியலிலிருந்து இயந்திரம் புருவத்தையும் வாயையும் கற்கும் என்பதற்கு என்ன உறுதி? கருப்பும் சிவப்பும் கோபம், மஞ்சளும் இளஞ்சிவப்பும் மகிழ்ச்சி என்று நிறத்தைக் கற்றுக்கொள்வது அதற்கு எளிது. பழக்கிய படங்களில் அந்தக் குறுக்குவழி அப்படியே சரியாகவும் வந்துவிடும். சிரித்த முகத்தோடு கரிய நிறத்தில் ஒரு கிருஷ்ணன் பொம்மையைக் கொண்டுவந்து வைக்கும்போதுதான் குட்டு வெளிப்படும்.

கூத்து முகங்கள் இதை இன்னும் கூர்மையாக்கும். காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சரசந்தாங்கலில், பெ. ராஜகோபாலும் ஹன்னா டி ப்ரூயினும் 1990-இல் மற்றக் கலைஞர்களோடு சேர்ந்து அமைத்த கட்டைக்கூத்துச் சங்கம் இருக்கிறது. பள்ளிப் படிப்பையும் கூத்துப் பயிற்சியையும் ஒருசேரத் தந்த அதன் குருகுலம் 2002 முதல் 2020 வரை நடந்தது. கட்டைக்கூத்தில் முகப்பூச்சின் நிறம் பாத்திரத்தின் குணத்தைச் சொல்வது. அது அந்த நேரத்து உணர்ச்சியைச் சொல்வதில்லை. ஒரே பூச்சோடு ஒருவர் இரவு முழுதும் வெகுள்வார், எள்ளுவார், அழுவார். நிறத்தை உணர்ச்சி என்று எடுத்துக்கொண்ட இயந்திரம் அந்த இரவு முழுவதற்கும் ஒரே விடையைச் சொல்லிக்கொண்டிருக்கும்.

பின்னணியைப் பார்த்து விடை சொல்லும் இந்தக் குணம் ஆராய்ச்சியில் நன்கு அறியப்பட்டது. ஓநாயையும் ஹஸ்கி நாயையும் பிரிக்கும் இயந்திரம் ஒன்று உண்மையில் படத்தில் பனி இருக்கிறதா என்பதைத்தான் பார்த்தது என்று மார்கோ ரிபெய்ரோவும் உடனாய்வாளர்களும் 2016-இல் காட்டினார்கள். அந்த ஓநாய்ப் படங்களெல்லாம் பனியில் எடுக்கப்பட்டவையாக இருக்கும்படி அவர்கள் வேண்டுமென்றே தேர்ந்திருந்தார்கள். வேண்டாமலே நேர்ந்த வழக்கும் உண்டு. முகத்தை வைத்து ஆணா பெண்ணா என்று சொல்லும் வணிக மென்பொருள்களை 2018-இல் சோதித்த ஜாய் புவோலாம்வினி, டிம்னிட் கெப்ரு இருவரும், வெளிர்நிற ஆண்களிடம் பிழை அதிகம் போனால் 0.8 விழுக்காடாக இருக்க, கருநிறப் பெண்களிடம் அது 34.7 விழுக்காடு வரை போவதைக் கண்டார்கள். கொலுப்படியில் சிரித்த கரிய முகங்கள் குறைவாக இருந்ததால் நேர்ந்த தவறும் இந்தத் தவறும் ஒரே இனம்.

முகம் சரியாகப் படிக்கப்பட்டாலும் உணர்ச்சி சரியாகப் படிக்கப்பட்டதாகுமா என்பது தனி வழக்கு. அறிவியல் உலகில் அது இன்னும் முடியவில்லை. டார்வின் 1872-இல் மனிதரிலும் விலங்குகளிலும் உணர்ச்சி வெளிப்படுவதைப் பற்றி நூல் எழுதினார். பால் எக்மன் 1960-களின் பிற்பாதியில் பப்புவா நியூகினியின் ஃபோரே மக்களிடம் படங்களோடு போய், மகிழ்ச்சி, துயரம், கோபம், அச்சம், வியப்பு, அருவருப்பு ஆகிய முகங்கள் மனிதர் எல்லோருக்கும் பொது என்ற முடிவுக்கு வந்தார். இன்றைய உணர்ச்சியறி மென்பொருள்களின் பெட்டிப் பெயர்கள் பெரும்பாலும் அந்தப் பட்டியலிலிருந்து வந்தவை. 2019-இல் லிசா ஃபெல்ட்மன் பாரெட் தலைமையில் ஐவர் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆய்வுக் கட்டுரைகளைத் திரும்பப் படித்து, முகத்துக்கும் உணர்ச்சிக்கும் உள்ள இணைப்பு மிகவும் தளர்வானது என்றார்கள். கோபத்தில் இருப்பவர் முகம் சுளிப்பது சராசரியாகப் பத்தில் மூன்று தடவை அளவே. கோபம் இல்லாமல் சுளிப்பவரும் ஏராளம். ட்ரோப்ரியாண்ட் தீவு மக்களிடம் கார்லோஸ் கிரிவெல்லி குழுவினர் 2016-இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் வியப்பானது. கண் விரிந்து வாய் பிளந்த முகத்தை மேலைநாட்டவர் அச்சம் என்கிறார்கள். அந்தத் தீவினர் அதை மிரட்டல் என்று படித்தார்கள். எட்டாம் நூற்றாண்டில் ராஜசிம்ம பல்லவன் எடுப்பித்த கைலாசநாதர் கோயிலின் தூண்களில் விழி பிதுங்க, வாய் பிளந்து நிற்கும் சிங்கங்களைப் பார்த்துப் பழகிய காஞ்சிபுரத்துப் பிள்ளையும் அவை பயந்துபோயிருப்பதாகச் சொல்லப்போவதில்லை.

தமிழில் இந்தக் கேள்விக்குப் பழைய அணுகுமுறை ஒன்று உண்டு, பாடத்துக்கு அது மிகவும் உதவும். தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் உடலில் தோன்றும் உணர்ச்சிகளை எட்டாக வகுக்கிறது: அச்சம், அழுகை, நகை, வெகுளி, உவகை, மருட்கை, பெருமிதம், இளிவரல். எக்மன் பட்டியலோடு இது பெரும்பாலும் பொருந்துகிறது என்று வியந்து நிறுத்திக்கொள்பவர்கள் அடுத்த பகுதியைத் தவறவிடுகிறார்கள். ஒவ்வொரு மெய்ப்பாட்டுக்கும் நான்கு காரணங்களை அந்நூல் சொல்கிறது. சிரிப்பு ஏளனத்தாலும் வரலாம், சிறுபிள்ளைத்தனத்தைக் கண்டும் வரலாம், அறியாமையாலும் வரலாம், எதையும் எளிதில் நம்பும் வெள்ளை மனத்தாலும் வரலாம். அழுகை இழப்பிலும் வரும், வறுமையிலும் வரும். எட்டு நான்கு முப்பத்திரண்டு. முகம் ஒன்றாக இருக்க, அதன் வேர் நான்காக இருக்கிறது. கேலிச் சிரிப்பும் மழலை கேட்ட சிரிப்பும் 2,304 எண்களில் ஒன்றுபோலவே தெரியலாம். எதிரில் என்ன நடந்தது, யார் யாரோடு இருந்தார்கள் என்பது படத்தில் இல்லை. குழந்தைகள் ஒரு படத்தைக் காட்டியதும் “யார் அவன அடிச்சாங்க?” என்று கேட்பது இந்த வேரைத் தேடித்தான். பாடத்தில் இந்தக் கேள்வியை ஊக்கப்படுத்த வேண்டும், ஏனென்றால் முகப்படம் ஒன்றை மட்டுமே பெற்ற இயந்திரம் அதைக் கேட்பதில்லை.

உணர்ச்சியறி இயந்திரங்கள் ஆய்வுக்கூடத்தோடு நிற்கவில்லை. சீனாவின் ஹாங்சோ நகரில் 2018-இல் ஒரு பள்ளி, வகுப்பறையில் கரும்பலகைக்கு மேலே படக்கருவிகளைப் பொருத்தி முப்பது வினாடிக்கொரு தடவை மாணவர் முகங்களை அலசியது, எதிர்ப்பு எழுந்தது. 2021 ஜனவரியில் லக்னோ காவல்துறை, தெருவில் செல்லும் பெண்களின் முகத்தில் கலக்கத்தைக் கண்டறிந்து காவல் நிலையத்துக்கு எச்சரிக்கை அனுப்பும் படக்கருவிகளைப் பற்றி அறிவித்தது. வெயிலில் முகம் சுளித்து நடக்கும் பெண்ணுக்குக் காவல் வண்டி வருமா என்று அப்போதே பலர் கேட்டார்கள். மைக்ரோசாஃப்ட் தன் முகமறி சேவையிலிருந்து உணர்ச்சியை ஊகிக்கும் வசதியை விலக்குவதாக 2022 ஜூனில் தெரிவித்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் செயற்கை நுண்ணறிவுச் சட்டம், மருத்துவமும் பாதுகாப்பும் தவிர்த்த காரணங்களுக்காகப் பணியிடத்திலும் கல்விக்கூடத்திலும் உணர்ச்சியை ஊகிக்கும் இயந்திரங்களை 2025 பிப்ரவரி 2 முதல் தடை செய்துள்ளது. இந்தியாவின் 2023-ஆம் ஆண்டு எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்கு உட்பட்ட அனைவரையும் குழந்தை என்கிறது. அவர்களுடைய தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்றும், சில விலக்குகள் தவிர, அவர்களின் நடத்தையைப் பின்தொடரக் கூடாது என்றும் சொல்கிறது. பிள்ளைகளின் முகத்தை விட்டுப் பொம்மை முகத்தை எடுப்பதற்கான சட்டக் காரணம் இதுதான். படம் எங்கே சேமிக்கப்படுகிறது என்ற கவலை பொம்மைக்கு இல்லை.

இன்னொரு கேள்வியைப் பிள்ளைகளே கேட்பார்கள்: அந்த இயந்திரத்துக்கும் சந்தோஷம் வருமா? ஸ்டெஃபானியா ட்ரூகாவும் உடனாய்வாளர்களும் 2017-இல் மூன்று முதல் பத்து வயதுள்ள 26 பிள்ளைகளைப் பேசும் கருவிகளோடும் ஒரு சிறு ரோபோவோடும் விளையாடவிட்டுப் பார்த்தபோது, பெரும்பாலான பிள்ளைகள் அவற்றை நட்பானவை, நம்பத்தக்கவை என்றே கருதினார்கள். குரலும் அசையும் கண்களும் இருந்தால் உள்ளே மனம் இருப்பதாக எண்ணுவது குழந்தைக்கு மட்டும் உரிய பலவீனமல்ல. 1966-இல் ஜோசப் வைசன்பாம் எழுதிய எலைஸா என்ற எளிய உரையாடல் நிரலிடம் பெரியவர்களே மனம்விட்டுப் பேசினார்கள். தானே பெட்டிகளுக்குப் பெயரிட்டு, தானே பழக்கி, தானே ஏமாற்றிப் பார்த்த பிள்ளைக்கு இந்த மயக்கம் கொஞ்சம் குறையும் என்று எதிர்பார்க்கலாம். ‘அழு’ என்ற பெட்டியின் பெயரை ‘சிரி’ என்று மாற்றினால் அதே முகத்தைப் பார்த்து இயந்திரம் சிரிக்கும். அதைச் செய்து காட்ட அரை நிமிடம் போதும்.

இவ்வளவு சின்ன வயதில் இது சாத்தியமா என்ற ஐயத்துக்கு எம்ஐடி ஊடக ஆய்வகத்தின் ‘பாப்பாட்ஸ்’ திட்டம் ஒரு விடை. ரண்டி வில்லியம்ஸ் குழுவினர் 2019-இல் அதன் முடிவுகளை வெளியிட்டார்கள். லெகோ கட்டைகளும் ஒரு கைப்பேசியும் சேர்ந்த பொம்மை ரோபோவை வைத்து, மழலையர் வகுப்புகளில் படிக்கும் 80 குழந்தைகளுக்கு மூன்று கருத்துகளைக் கற்பித்தார்கள்: விதிகளைக் கொண்டு இயங்குவது, எடுத்துக்காட்டிலிருந்து கற்பது, புதிதாக ஒன்றை உருவாக்குவது. கல்–காகிதம்–கத்தரி விளையாட்டும், உணவுப் பொருள்களை நல்லது, கெட்டது என்று பிரிப்பதும், பாட்டை மாற்றி அமைப்பதும் அதற்கான செயல்பாடுகள்.

இந்தியாவில் மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் 2019-20 கல்வியாண்டில் ஒன்பதாம் வகுப்பில் செயற்கை நுண்ணறிவை விருப்பப் பாடமாக்கியது. மூன்றாம் வகுப்பு முதலே அதையும் கணக்கீட்டுச் சிந்தனையையும் 2026-27 முதல் கொண்டுவரும் திட்டத்தை ஒன்றியக் கல்வி அமைச்சகம் 2025 அக்டோபரில் அறிவித்தது. பாடத்திட்டக் குழுவுக்குச் சென்னை ஐஐடி பேராசிரியர் கார்த்திக் ராமன் தலைவர். தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் ஆறு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை ‘டிஎன் ஸ்பார்க்’ என்ற திட்டம் 2025-இல் தொடங்கியது. அதற்குக் கீழே உள்ள வகுப்புகளில் கணினியைத் தொடும் வாய்ப்பு எல்லாப் பிள்ளைகளுக்கும் சமமாக இல்லை. உணர்ச்சிப் பாடத்துக்கு அது பெரிய தடையும் இல்லை.

கணினியே இல்லாமல் நடத்தும் முறை இது. ஒரு பிள்ளை இயந்திரமாகிறது. மற்றவர்கள் வரைந்த பொம்மை முகங்கள் அட்டைகளாக அதன்முன் வருகின்றன, ஆனால் துளையிட்ட ஒரு தாளின் வழியே வாய் மட்டும் தெரியும், அல்லது புருவம் மட்டும். இயந்திரப் பிள்ளை தன்னிடம் உள்ள பெயரிட்ட அட்டைகளோடு ஒப்பிட்டு, எது மிகவும் நெருக்கமோ அந்தப் பெயரைச் சொல்ல வேண்டும். சுயபுத்தியைப் பயன்படுத்தக் கூடாது என்பது ஒரே விதி. தவறு வரும்போதெல்லாம் வகுப்பு காரணம் தேடும்: அந்த வகையில் அட்டைகள் குறைவா, எல்லாம் ஒருவரே வரைந்ததா, பெயரே தப்பா, அல்லது வாயை மட்டும் வைத்துச் சொல்லவே முடியாத முகமா. முதல் மூன்றுக்கும் மேலும் அட்டைகள் வரைந்தோ பெயரை மாற்றியோ பிள்ளைகளே மருந்து கண்டுபிடிப்பார்கள். நான்காவதற்குத் தாளை எடுத்துவிட்டு, “ஏன் அழறே?” என்று படம் வரைந்தவரைக் கேட்க வேண்டியிருக்கும்.